பித்தளைக் கோச்சிக்குத் தைத்த சட்டை

றொஷெலுக்குச் சக்களத்தியாக வந்து வாய்த்தது ஒரு பித்தளை இஞ்சின். ஒன்றரை முழ நீளம், ஒரு சாண் உயரம். பேசாது, சமைக்காது, நகை கேட்காது. ஆனாலும் அவளைக் கட்டப்போகிற கிளெனுடைய காலையையும் மாலையையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் அதுதான் தின்று தீர்த்தது.

மாமாங்கத்தில், தண்டவாளத்துக்குக் கிட்ட இருந்த தகப்பன் வீட்டு முன்னறையில் றொஷெல் தையல் மெஷின் போட்டிருந்தாள். கலியாணச் சட்டை என்றால் மட்டக்களப்பில் அவள்தான். கடலோரத்து டச்பாரிலிருந்து பறங்கிப் பெண்கள் வருவார்கள். புளியந்தீவுக் கிறிஸ்தவப் பெண்கள் வருவார்கள். காத்தான்குடியிலிருந்து ஓட்டோ பிடித்து, வழி நெடுக லேஸைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு தாயும் மகளும் வருவார்கள். எல்லாரையும் அளந்து, வெட்டி, தைத்து, தேவதை மாதிரி அனுப்பி வைப்பாள். சட்டை வாங்க வந்தவர்கள் கேட்கிற கடைசிக் கேள்வி ஒன்றுதான்: “உன்ட சட்டை எப்ப புள்ள?”

“கோச்சி வரட்டும்,” என்பாள் றொஷெல். அந்த ஊரில் ரயிலைக் கோச்சி என்றுதான் சொல்வார்கள். கேட்டவர்கள் அவள் ஏதோ பகிடி விடுகிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். அவள் உள்ளதைத்தான் சொன்னாள்.

கதை தொடங்கியது, சண்டை நிறுத்தம் வந்து ஊர் கொஞ்சம் மூச்சுவிட்ட 2002ஆம் ஆண்டில். அவளுடைய தகப்பன் ஆர்னோல்ட் ரயில்வேயில் பயர்மேனாகச் சேர்ந்தவர். நீராவி இஞ்சின்களுக்குக் கரி அள்ளிப் போட்டே தோள் அகன்றவர். போர்த்துக்கீசர் வழிவந்த, கைவேலைக்குப் பேர்போன பறங்கிக் குடும்பம் அது. அந்தக் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. பெண் கேட்டு வருகிற மாப்பிள்ளை, தன் கையாலே செய்த ஒரு பொருளைப் பெண்வீட்டு மேசையில், வெள்ளைத் துணிக்கு மேல் வைக்க வேண்டும். மாமனார் அதை எடுத்துப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், திருப்பிப் பார்ப்பார். பிடித்துவிட்டால் இரண்டு கிளாஸில் வைன் ஊற்றி ஒன்றை மாப்பிள்ளையிடம் நீட்டுவார். அதற்குப் பிறகுதான் பாதிரியாரிடம் போகலாம்.

ஆர்னோல்ட், றொஷெலின் தாய் பமீலாவைக் கேட்டுப் போனபோது வைத்தது ஒரு பாக்குவெட்டி. மூத்த மகள் றொவீனாவைக் கேட்டு வந்த வெய்ன் வைத்தது ஒரு ஸ்டூல். அதில் ஒரு கால் கட்டை. “பறவாயில்ல, இவங்க போற அவுஸ்திரேலியாவில நிலம் சரிவாக்கும்,” என்று சொல்லி ஆர்னோல்ட் அதற்கும் வைன் ஊற்றிவிட்டார். ஆகவே முறை அப்படியொன்றும் கொடிய முறையல்ல. ஒரு கரண்டி செய்து வைத்திருந்தாலும் கிளெனுக்கு றொஷெல் கிடைத்திருப்பாள்.

கிளெனுக்கு டச்பாரில் ஒரு சின்னப் பட்டறை இருந்தது. பூட்டு, குக்கர், லாம்பு, வள்ள மோட்டர் என்று எதைக் கொண்டு போனாலும் திருத்திக் கொடுப்பான். வாய் அதிகம் இல்லாதவன். முதன்முதலாகப் பெண் பேச வந்த அன்றைக்கு மட்டும் அந்த வாய்க்கு என்ன வந்ததோ!

“மேசையில என்ன மகன் வைக்கப்போறாய்? பூட்டா?” என்று ஆர்னோல்ட் கேட்டார்.

“பூட்டு எல்லாரும் வைப்பாங்க அங்கிள்.”

அவன் கண் சுவரில் போய் நின்றது. அங்கே திருஇருதயப் படத்துக்குக் கீழே, ஆர்னோல்ட் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த ஒரு சீமை இஞ்சின் படம். காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடுவதற்காகச் செய்த நீராவி இஞ்சின். கொதிகலன், குழாய், புகைபோக்கி எல்லாவற்றையும் மழுமழுவென்ற ஒரே ஓட்டால் மூடி, மூக்கைச் சுறாவின் மூக்குப் போல வளைத்து விட்டிருந்தார்கள். ஆர்னோல்ட் ஓடிய இஞ்சின் எதுவும் அந்த அழகில் இருந்ததில்லை. அவர் அந்தப் படத்தைப் பார்ப்பது, கரி படிந்த மனுஷன் சினிமாக்காரியைப் பார்ப்பது மாதிரி.

“அதை வைக்கிறன்,” என்றான் கிளென்.

“படத்தையா?”

“இஞ்சினை. பித்தளையில. சில்லு சுத்தும்.”

பமீலா கையிலிருந்த கேக் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். “மகன், ஒரு சீனிப் பேணி செஞ்சாலும் எங்களுக்குக் காணும்.”

“சொல்லிட்டன் அன்ரி.”

ஆர்னோல்டின் மீசை துடித்தது. “வெளியால பாத்தா வடிவுதான். உள்ளுக்க என்ன இரிக்கெண்டு தெரியுமா உனக்கு?”

“கண்டுபிடிப்பன் அங்கிள்.”

கண்டுபிடிப்பது எங்கேயிருந்து? படத்தில் தெரிவது சட்டை மட்டும். சட்டைக்குள்ளே உடம்பு எப்படி இருக்கும் என்று டச்பாரில் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே மனுஷன் மாமனார். மேசைக்கு வரும்வரை மாமனாரிடம் மூச்சுவிடக் கூடாது என்பதும் அந்த முறைக்குள்ளே அடக்கம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கிளென், மறுநாளே தையல் அறைக்கு வந்து கதவோரம் நின்றான்.

“றொஷெல், டடிக்கிட்ட ஒரு விசயம் கேட்டுச் சொல்லுவியா?”

“என்ன?”

“பிஸ்டன் தடியை எந்தச் சில்லில பூட்டுறது?”

அன்றிரவு புட்டும் மீன் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது றொஷெல் கேட்டாள். ஆர்னோல்ட் கையில் எடுத்த புட்டு வாய்க்குப் போகாமல் நின்றது.

“ஏன் மகள்?”

“சும்மா. அறியிறதுக்கு.”

ஆண்பிள்ளை இல்லாத வீட்டில், இஞ்சினைப் பற்றி ஒரு கேள்வி கேட்க ஆள் இல்லாமல் காய்ந்து போயிருந்த மனுஷன் அவர். கரண்டியைப் பிஸ்டன் ஆக்கினார், பீங்கானைச் சில்லு ஆக்கினார், பமீலாவின் முள்ளுக்கரண்டியையும் பறித்துக் குறுக்கே வைத்தார். கறி ஆறிப்போனது. “நீராவி முன்னால தள்ளும், பின்னாலயும் தள்ளும். விளங்குதா? மாடு மாதிரி இழுக்கிறது இல்ல.” றொஷெலுக்குப் பாதிதான் விளங்கியது, மீதியை அப்படியே மனப்பாடம் பண்ணிக்கொண்டாள். காலையில் டச்பாருக்குப் போய், தையல் சோக்கால் பட்டறைத் தரையில் கீறிக் காட்டினாள். அடுத்த கிழமை வால்வு. அதற்கடுத்த கிழமை அடுப்புக் கதவு. கொஞ்ச நாளில், சாப்பாட்டு மேசையில் அவள் வாயைத் திறக்கும் முன்னரே தகப்பன் கரண்டிகளை ஒழுங்கு பண்ணி வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

பித்தளை தந்தது ஓட்டமாவடி பதியுதீன் நானா. ஊர் ஊராகப் பழைய இரும்பும் பித்தளையும் வாங்கித் திரிகிறவர். வாகனத்தை நிறுத்தியதும் முதலில் சிரிப்புத்தான் வரும்.

“கிளென் தம்பி, ஒங்கட கலியாணத்துக்காகவேண்டி இந்தப் பக்கத்துப் பெற்றோல்மக்ஸ் லாம்பெல்லாம் முடிஞ்சு. இனி நான் பள்ளிவாசல் குழாயைத்தான் கழட்டோணும்.”

“கழட்டிராதீங்க நானா.”

“பொம்புளைக்குத் தாலி செய்யிறவனைக் கண்டிருக்கன். கோச்சி செய்யிறவனை இப்பதான் காண்றன்.”

வேலை நடந்தது. சட்டகம் முடிந்தது, கொதிகலன் முடிந்தது. ஒவ்வொரு நத்தாருக்கும், கிறிஸ்து பிறப்புக்கு, பமீலா கலியாணக் கேக்குக்கென்று முந்திரிகை வற்றலையும் கஜுவையும் பிரண்டியில் ஊறவைப்பார். மாப்பிள்ளை மேசைக்கு வராமல் போக, அது நத்தார் கேக் ஆகிவிடும். “இந்த இஞ்சினால எங்கட வீட்டில எல்லாருக்கும் இடுப்புப் பெருத்துப் போச்சு,” என்பார் பமீலா.

2004 நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிறு, கிளென் காலையிலேயே பலகாரத் தட்டோடு மாமாங்கத்துக்கு வந்திருந்தான். இன்னும் சில மாதம், பிறகு மேசை, என்று றொஷெலிடம் குசினி வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில்தான் ஆட்கள் தெருவால் ஓடினார்கள். கடல் டச்பாருக்குள் வந்துவிட்டது. அவனுடைய தாய் அங்கே, வீட்டில் இருந்தார். அந்தத் தெருவில் முதல்நாள் பாட்டுப் பாடி நத்தார் கொண்டாடிய முகங்களில் பல, அடுத்தநாள் சேமக்காலையில் புதைகுழிக்குப் போயின. கிளெனின் தாயை வாவியின் அக்கரையில் கண்டெடுத்தார்கள்.

அடக்கம் முடிந்த பிறகு ஆர்னோல்ட், பள்ளிக்கூட முகாமில் இருந்த கிளெனைத் தேடிப்போய்ப் பக்கத்தில் குந்தினார். “மகன், முறையும் வேணா, மேசையும் வேணா. ஆண்டுத் திவசம் முடிய றொஷெலைக் கட்டு. எங்கட வீட்டிலயே இரு.”

கிளென் தலையை மட்டும் ஆட்டினான். இல்லை என்று ஆட்டினான். “வெறுங்கையோட வரமாட்டன் அங்கிள்.”

அதற்குப் பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூட விறாந்தையில் நாள் முழுக்க இருந்தான். றொஷெல் சோறு கொண்டு போவாள், சாப்பிடுவான். கோப்பையைத் திருப்பித் தருவான். அவ்வளவுதான்.

பதியுதீன் நானா அரிசி மூட்டையும் சாரங்களும் ஏற்றிக்கொண்டு முகாமுக்கு வந்தார். கிளெனைப் பார்த்துவிட்டு, சிரிப்பு இல்லாத முகத்தோடு றொஷெலிடம் வந்தார்.

“தங்கச்சி, கோச்சி என்னாச்சு?”

“கடல் கொண்டு போயிற்று நானா.”

“பலகை போகும், படங்கு போகும். அந்தப் பாரம் கடலோட போகாது தங்கச்சி. மண்ணுக்குள்ளதான் போகும். பட்டறை நிண்ட இடம் தெரிஞ்சா, தோண்டினா வரும்.”

அதைக் கேட்டதும் றொஷெலுக்கு உள்ளே ஒரு கணக்கு ஓடியது. உண்மையைச் சொன்னால், மண்ணுக்குள்ளேயே கிடக்கட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. இஞ்சின் இல்லையென்றால் மேசை இல்லை. அவனுடைய ரோசமும் ஒரு நாள் ஆறும். அவளுக்கு மாப்பிள்ளை மிச்சம். தோண்டி எடுத்தாலோ, திரும்பவும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். அவள் விறாந்தையைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கைகள் மடியில் கிடந்தன, கடையில் விலைபோகாமல் கிடக்கிற மீன் மாதிரி.

“மண்வெட்டி இரிக்கா நானா?” என்று கேட்டாள்.

பட்டறை நின்ற இடத்தைக் கிணற்றுக் கட்டை வைத்து அடையாளம் கண்டாள். பதியுதீன் நானா வெட்ட, அவள் கையால் அள்ளினாள். மணல் சரிந்து சரிந்து குழியை மூடியது. முதலில் ஓர் அரம் வந்தது, பிறகு கிளெனின் தாய் தண்ணீர் சுடவைக்கிற சில்வர் கேத்தலின் மூடி வந்தது. அதைத் துடைத்துத் தனியே வைத்தாள். கடைசியில் அவன் இஞ்சினை வைத்துப் பூட்டுகிற பெட்டி வந்தது. பலகை வெடித்திருந்தது. உள்ளே பச்சைக் களிம்பு பிடித்து, நசுங்காமல், இஞ்சின்.

முகாமுக்கு வந்த பவுசர் வண்டித் தண்ணீரில் கழுவி, சீலையில் சுற்றிக்கொண்டு போய், விறாந்தையில் அவன் மடியில் வைத்தாள். கிளென் அதை வெகுநேரம் பார்த்தான். பிறகு கொதிகலனின் முன்பக்கத்தைக் கீழே சரித்தான். உள்ளேயிருந்து கடல் மணல் பொலுபொலுவென்று அவன் சாரத்தில் கொட்டியது.

“மண்,” என்றான்.

“ஓம். கழுவு,” என்றாள் றொஷெல். அவன் தோளில் முகத்தை வைத்து அன்றைக்குத்தான் அவளும் அழுதாள்.

பனிச்சையடியில் அவனுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தார்கள். அங்கே மறுபடி ஒரு மேசை, ஒரு குறடு, ஓர் ஊதுவிளக்கு என்று சேர்ந்தது. ஆனால் சண்டையும் மறுபடி சேர்ந்தது. பாதை பூட்டுப்பட்டது, பித்தளை வரவில்லை, பதியுதீன் நானாவின் வாகனம் மாதக்கணக்கில் ஓட்டமாவடியிலேயே நின்றது. றொஷெலின் மெஷின் மட்டும் நிற்கவில்லை. ஷெல் அடிக்கிற காலத்திலும் ஆட்கள் கலியாணம் கட்டத்தான் செய்தார்கள். அவசர அவசரமாகக் கட்டினார்கள். “ரெண்டு நாளில வேணும் அக்கா,” என்பார்கள். தைத்துக் கொடுத்துவிட்டு, தன்னுடைய ஆள் மட்டும் ஏன் அவசரப்படவில்லை என்று யோசிப்பாள்.

2009 மே மாதம் சண்டை முடிந்தது. அடுத்த கிழமையே அவுஸ்திரேலியாவில், மெல்பேர்னிலிருந்து அக்கா றொவீனாவின் அழைப்பு வந்தது.

“றொஷெல், எனக்குத் தெரிஞ்ச கடை. முழுக்க முழுக்கக் கலியாணச் சட்டை. உன்ட வேலைப் படங்களைக் காட்டினன், விசாவுக்கும் அவங்களே எழுதுவாங்களாம். அடுத்த மாச முடிவுக்குள்ள ஓமா இல்லையா சொல்லோணும்.”

“கிளெனிட்டக் கேக்கோணும்.”

“ஏழு வருசமா அவனிட்டக் கேக்கிறாய் கா! அவனுக்கு உன்னைக் கட்ட விருப்பமில்ல. அதைச் சொல்ல வாய் வராம இஞ்சின் செய்யிறான்.”

சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அதே சந்தேகம் றொஷெலின் நெஞ்சிலும் ஒரு மூலையில் இருந்தது. இஞ்சினுடைய உடம்பு முடிந்து இரண்டு வருடமாகிவிட்டது, சில்லு சுற்றுகிறது, தடிகள் ஓடுகின்றன. மேலே போடுகிற ஓடு மட்டும்தான் பாக்கி. “முடியப்போகுது” என்று கேட்கும் போதெல்லாம் சொல்கிறான். ஒரு தகட்டை வளைக்க எந்தக் கம்மியனுக்காவது இரண்டு வருடம் வேண்டுமா?

இன்றைக்கு ஒரு முடிவு என்று பனிச்சையடிக்குப் போனாள். கதவு திறந்திருந்தது, கிளென் இல்லை. உட்கார்ந்து காத்திருந்தபோது கட்டிலுக்கடியில் ஒரு சாக்கு தெரிந்தது. இழுத்தாள். சாக்கு சரிந்தது. உள்ளேயிருந்து பித்தளை மூக்குகள் கலகலவென்று தரையில் உருண்டன. தேங்காய்ச் சிரட்டைகளைக் கொட்டியது மாதிரி. ஒன்று நெற்றியில் வெடித்திருந்தது. ஒன்று கன்னத்தில் சுருங்கியிருந்தது. ஒன்று நடுவால் கிழிந்திருந்தது. எண்ணிப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

கிளென் வாசலில் வந்து நின்றான். திருடன் பிடிபட்ட மாதிரி முகம்.

“என்ன இது?”

“மூக்கு.”

“இவ்வளவுமா?”

“எல்லாம் வெடிச்சது. சூடாக்கி, அடிச்சு, திரும்பச் சூடாக்கி... ஒரு பக்கம் வளைஞ்சா மத்தப் பக்கம் சுருங்குது. எனக்கு ஏலாம இரிக்கு றொஷெல்.”

“ஏன் என்னட்டச் சொல்லல்ல?”

“ஏலாதெண்டு எப்பிடிச் சொல்றது? சொல்லிட்டனே, செய்வன் எண்டு.”

“அட மடையா! நான் நினைச்சன், என்னைக் கட்டாம இருக்கச் சாட்டுச் சொல்றாய் எண்டு.”

“சாட்டா?” இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். சூட்டுத் தழும்பும் தகடு வெட்டிய கீறலுமாக இருந்தன. றொஷெல் அந்தக் கைகளைப் பார்த்தாள். சிரிப்பும் வந்தது.

“நீ தகட்டை வைச்சு அடிக்கிற மர அச்சையும் ஒரு மூக்கையும் தா. வீட்டுக்குக் கொண்டு போறன்.”

“நீ என்ன செய்யப்போறாய்?”

“பாக்கப்போறன். எனக்குக் கண் இரிக்கு.”

இரண்டையும் ஒரு கலியாணச் சட்டையின் லேஸுக்குள் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் லேஸை விரித்தான். உள்ளே, கூர்மழுங்கிய பித்தளை மூக்கு ஒன்று பளபளத்தது. அவன் இரண்டடி பின்னால் பாய்ந்தான். வரிசையில் நின்றவர்கள் நாலடி பாய்ந்தார்கள்.

“மே மொகத?” என்று கத்தினான், இது என்ன என்று.

“கோச்சிய!” என்று றொஷெலும் கத்தினாள். அந்தச் சொல் மட்டும் சிங்களத்திலும் கிட்டத்தட்ட அதேதான்.

அவன் தடியால் மூக்கைத் தட்டிப் பார்த்தான். வெற்று ஓடு டங்கென்றது. கைகளைப் பிஸ்டன் மாதிரி ஆட்டி, ‘கூ’ என்று ஊதிக் காட்டினாள். அவனுடைய முகம் மெல்ல இளகியது. மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். மீதிப் பெட்டிகள் எங்கே என்று கேட்டுச் சிரித்தான். “பின்னால வருது,” என்று தமிழில் சொல்லிவிட்டு, லேஸை அவன் கையிலிருந்து பறித்து மடித்தாள். பஸ்ஸில் ஒருவரும் அவளுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை.

வீட்டில், வெட்டுகிற மேசையில் அச்சை வைத்து, பழைய பேப்பர்த் தாளை அதன்மேல் போட்டு உள்ளங்கையால் தடவினாள். தாள் நடுவில் ஒட்டிக்கொண்டது. ஓரங்களில் சுருங்கி எழும்பியது. அவள் கை தானாகவே அந்தச் சுருக்கங்களைப் பிடித்து மடித்தது. மடித்த கை அப்படியே நின்றது. இதை அவள் எத்தனை மார்பில், எத்தனை தோளில் செய்திருக்கிறாள்! தட்டையான துணி உருண்ட உடம்பில் படிய வேண்டுமென்றால், சுருங்குகிற இடத்தில் ஆப்பு மாதிரி ஒரு துண்டைக் குறைத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைக்க வேண்டும். தையல்காரர் அதை டார்ட் என்பார்கள். ஒரு துண்டுத் துணியை அடித்து அடித்து மார்பாக்க உலகத்தில் எந்தத் தையல்காரியும் நினைக்க மாட்டாள்.

அடுத்தநாள் பேப்பர் வெட்டைக் கிளெனிடம் கொண்டு போனாள்.

“இப்பிடி வெட்டு. வெட்டின வாயை மூடிப் பற்றவை. மறுகா அராவு.”

“பொருத்து வெளியில தெரியும்.”

“என்ட சட்டையில தெரியுதா?”

அவன் அவளுடைய சட்டைத் தோளைக் கிட்ட வந்து பார்த்தான். தெரியவில்லை. அதைப் பார்ப்பதற்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிட்ட நின்றான்.

மூக்கு முதல் தடவையிலேயே படிந்தது. பிறகு பக்கங்கள். முழு ஓட்டையும் ஒரு கவுண் மாதிரி, கீழே கொக்கி போட்டு, வேண்டுமானால் மேலே தூக்கிக் கழற்றுகிற விதமாக றொஷெல் வெட்டிக் கொடுத்தாள். ஜூன் முடிய இன்னும் சில நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிறு பூசை முடிந்து, கிளென் வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு மாமாங்கத்துக்கு வந்தான். இஞ்சினை வெள்ளைத் துணிக்கு மேல் வைத்தான்.

ஜன்னல் வெளிச்சம் மூக்கில் விழுந்து முதுகு நெடுக வழிந்தது. சுவரிலிருந்த படம் இறங்கி வந்து மேசையில் நின்ற மாதிரி இருந்தது. ஆர்னோல்ட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். தட்டினார். தடவினார். வைன் போத்தலை எட்டி எடுத்தார்.

பமீலாவும் குனிந்து பார்த்தார். “இஞ்ச பாருங்க, இந்தப் பொருத்து! இது என்ட நத்தார்க் கவுண்ட வெட்டெல்லோ?”

போத்தல் பாதியில் நின்றது. றொஷெல் தாயைப் பார்த்த பார்வையில் ஓர் ஊசியே இருந்தது.

கிளெனின் காது சிவந்தது. பொய் சொல்லத் தெரியாதவன். “ஓம் அன்ரி. சட்டையை வெட்டினது நான் இல்ல. றொஷெல்.” பிறகு இஞ்சினை இரண்டு கையாலும் தூக்கினான். “அப்ப இது கணக்கில்ல அங்கிள். நான் கொண்டு போறன். தனியச் செஞ்சிட்டு வாறன்.”

இன்னொரு சாக்கு மூக்கு றொஷெலின் கண்முன்னே உருண்டது. மெல்பேர்னின் கடை, மாத முடிவு, றொவீனாவின் குரல் எல்லாம் ஒன்றாக வந்தன. பாய்ந்து, அவன் தூக்கிப் பிடித்திருந்த இஞ்சினின் கொக்கிகளைத் தட்டிவிட்டு, ஓட்டை மேலே உருவித் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“இது என்ட. எடுத்திட்டன். கீழ வை அதை. டடி, இப்ப பாருங்க. மிச்சமெல்லாம் இவன்ட கை.”

கிளென் தயங்கித் தயங்கி வைத்தான். ஆர்னோல்ட் குனிந்தார். சட்டைக்குள்ளே இருந்த உடம்பை அவர் அப்போதுதான் பார்த்தார். சில்லை விரலால் உருட்டினார். தடி முன்னே போனது, பின்னே வந்தது. டோர்ச் கொண்டுவரச் சொன்னார். இஞ்சினின் பின்பக்கம், பயர்மேன் நிற்கிற இடத்துக்குள் வெளிச்சம் அடித்தார். இன்னும் குனிந்தார்.

“இது என்ன?”

அடுப்புக் கதவுக்குப் பக்கத்தில், அரிசி மணி அளவு ஒரு தட்டு. தட்டில் ஒரு பித்தளைக் கேத்தல். அதற்கு மேல் தொப்பி மாட்ட ஒரு கொக்கி.

“இந்தச் சீமை இஞ்சின்ல இதெல்லாம் கிடையாது,” என்றார் ஆர்னோல்ட் மெதுவாக. “இது என்ட இஞ்சின். நான் ஒட்டின தட்டு. டிரைவருக்குத் தெரியாம தேத்தண்ணி சுட வைக்கிறதுக்கு. இதை உனக்கு ஆரு சொன்னது?”

கிளென் றொஷெலைப் பார்த்தான். றொஷெல் தகப்பனைப் பார்த்தாள்.

“நீங்கதான் டடி. புட்டுச் சாப்பிடக்குள்ள.”

பமீலா வாயைப் பொத்திக்கொண்டார், ஆனாலும் சிரிப்பு விரல்களுக்கிடையால் வந்தது. “உங்களுக்கு இப்பதான் விளங்குதா? பொம்புளைப்புள்ள கவுண் தைக்கவா வால்வு கேட்டவ?”

“எனக்கு அப்பவே தெரியும்,” என்றார் ஆர்னோல்ட். தெரியாது என்பது அவர் மீசையிலேயே எழுதியிருந்தது. “சரி. மாப்பிள்ளை தன்ட கையால செய்யோணும் எண்டுதான் எங்கட முறை. மூளை ஆருட மூளை எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. பமீலாட அப்பாவும் கேக்கல்ல. அந்தப் பாக்குவெட்டிக்குச் சுருள் வைச்சது என்ட தாய்மாமா.”

“என்ன?” என்றார் பமீலா.

“குடிக்க கிளாஸ் எடு,” என்றார் ஆர்னோல்ட்.

வைன் ஊற்றி ஒன்றைக் கிளெனிடம் நீட்டினார். வாங்கிய அவசரத்தில் கிளென் வெள்ளைத் துணியில் சிந்தினான். ஓட்டை இன்னும் அணைத்துக்கொண்டு நின்ற றொஷெல், அதை மேசையில் வைத்துவிட்டுத் தகப்பனின் கிளாஸைப் பறித்து ஒரே மடக்கில் குடித்தாள்.

மாலையில் றொவீனாவுக்குப் போன் எடுத்தாள். “கடைக்காரங்களுக்குச் சொல்லு, வேற ஆளைப் பாக்கச் சொல்லி.”

“உனக்குப் பைத்தியமா கா?”

“ஓகஸ்ட் மாசம் கலியாணம். நீயும் வெய்னும் வாங்க. நல்ல லேஸ் கொண்டு வா, வெள்ளை இல்ல, கொஞ்சம் பால்நிறம்.” மறுமுனையில் றொவீனா கத்தியது, அழுதது, திட்டியது எல்லாவற்றையும் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக் கேட்டாள். “சரி, நான் வைக்கிறன். முற்றத்தில என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறாங்க. கிளெனுக்குக் கபரிஞ்ஞா ஆட்டம் பழக்கோணும். கலியாணத்தண்டு முதல் ஆட்டம் எங்கட.”

முற்றத்தில் பமீலா அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ஆர்னோல்ட் வாயாலேயே வயலின் வாசித்தார். கிளென் நடுவில் நின்று தன் கால்களைத் தானே முறைத்துப் பார்த்தான். றொஷெல் செருப்பைக் கழற்றிவிட்டு அவன் இரண்டு கைகளையும் பிடித்தாள்.

“வலது காலை வை. வலது! அது என்ட கால், மடையா.”